கல்யாணத்துக்கு வந்தவர்களுக்குக் கல்கத்தாவில் ஒரு பகல்

ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். பந்தி, நலங்கு, வரவேற்பு எல்லாம் ஒருவழியாக முடிந்து கல்யாண வீட்டார் காலை நீட்டி உட்காரும் நேரத்தில், ஊரிலிருந்து வந்த பெரியப்பா கேட்பார்: "நாளைக்கு ராத்திரிதானே ரயில்? பகலில் எங்கே அழைத்துப் போகப் போகிறாய்?"

இருபது வருஷமாகக் கல்கத்தாவில் உத்தியோகம் பார்ப்பவருக்கும் இதற்குச் சட்டென்று பதில் வருவதில்லை. ஆபீஸ், வீடு, லேக் மார்க்கெட் என்றே காலம் ஓடியிருக்கும். "விக்டோரியா மெமோரியல், மியூசியம்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைப்பார். மறுநாள் போய் நின்றால் இரண்டும் திங்கட்கிழமை விடுமுறை! தாகூர் பிறந்த ஜோடாசாங்கோ வீட்டிலுள்ள காட்சிசாலைக்கும் அதே கதிதான். விக்டோரியாவின் தோட்டத்தில் உட்கார்ந்து சலவைக்கல் மண்டபத்தை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, கரியாஹாட்டில் நாலு புடவை வாங்கிக்கொண்டு உறவினர் ஊர் திரும்புவார்கள். ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர் கடந்து வந்த வயதானவர்கள் இன்னொரு முறை வருவார்கள் என்பது என்ன நிச்சயம்?

திங்கட்கிழமை விடுமுறை இல்லாதது கங்கைக் கரை. லேக் பகுதியிலிருந்து கிளம்புகிறவர்கள் காளிகட் ஸ்டேஷனில் மெட்ரோ ஏறினால், வண்டி மாறாமல் தட்சிணேசுவரத்தில் இறங்கலாம். 2021 முதல் இந்த வசதி உண்டு. ராணி ராசமணி கட்டிய காளி கோயிலில் 1855-ல் கும்பாபிஷேகம் நடந்தது. ஸ்ரீராமகிருஷ்ணர் பூஜை செய்த சன்னிதியும் அவர் வசித்த அறையும் இங்குள்ளன. செவ்வாயும் சனியும் கூட்டம் நெரியும். திங்களன்று அவ்வளவு இராது.

கோயில் துறையிலிருந்து படகேறினால் எதிர்க்கரையில் பேலூர் மடம். முழங்கால் வலிக்காரர்களுக்கும் படகில் உட்கார்ந்து செல்வது சிரமமில்லை. விவேகானந்தர் 1902-ல் சமாதியடைந்த இடம் இது. 1893-ல் அவரைச் சிகாகோவுக்கு அனுப்பச் சென்னையில் அலைந்து பணம் சேர்த்தவர் அளசிங்கப் பெருமாள் என்னும் பள்ளி ஆசிரியர். இந்தச் செய்தியைச் சொல்லி மடத்தைக் காட்டினால் ஊர்க்காரர்கள் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும். இரண்டு இடங்களிலும் நண்பகலில் கதவடைத்துவிடுவார்கள். ஏழு மணிக்குள் வீட்டை விட்டுக் கிளம்பாதவர்களுக்குப் படகுச் சவாரி மட்டுமே மிஞ்சும்.

பேலூரிலிருந்து பஸ்ஸில் ஹவுரா. முன்பெல்லாம் ரயிலை விட்டு இறங்கியதும் கண்ணில் படுவது ஹவுரா பாலம்தான். இப்போது கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஷாலிமாரோடு நின்றுவிடுவதால், அதில் வந்தவர்கள் பாலத்தைப் பார்க்காமலேயே கல்யாண வீடு சேர்ந்திருப்பார்கள். 1943-ல் திறக்கப்பட்ட இந்தப் பாலத்தில் 26,500 டன் எஃகு இருக்கிறது. நட்டும் போல்ட்டும் இல்லாமல் ரிவெட் அடித்தே முடித்திருக்கிறார்கள். ஃபெரியில் ஆற்றைக் கடந்தால் அதன் முழு உருவமும் தெரியும். இந்தக் கரையில் பாலத்தடியில் மல்லிக் காட் பூச்சந்தை. சாமந்தி மாலைகளைக் குவியல் குவியலாகப் போட்டிருப்பதைக் கண்டால் பெண்களை அங்கிருந்து நகர்த்துவது கஷ்டம்.

ராஜ்பவனுக்கு அருகில் செயின்ட் ஜான்ஸ் சர்ச் வளாகத்தில் ஜாப் சார்னாக்கின் கல்லறை இருக்கிறது. 1690-ல் இங்கே ஆங்கிலேயர் குடியிருப்புக்கு அடிகோலியவர் அவர். அந்தக் கல்லறைக் கல் நம்மூர் பல்லாவரம்–பரங்கிமலைப் பக்கத்துக் கல்! 1893-ல் ஹாலண்ட் என்ற புவியியல் அறிஞர் அதை ஆராய்ந்து, அவ்வகைப் பாறைக்கே 'சார்னாக்கைட்' என்று பெயரிட்டார். மீனம்பாக்கத்தில் இறங்கும்போது தெரிகிற குன்றுகள் அந்தப் பாறைதான்.

அடுத்து பௌபஜார். இன்று பிபின் பிஹாரி கங்குலி தெரு என்று பெயர். இங்கே வழிகாட்டி எவரும் அழைத்து வருவதில்லை. பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை என்பதும் உண்மை. கோயங்கா வணிகவியல் கல்லூரி இருக்கும் 210-ஆம் எண்ணில்தான் மகேந்திரலால் சர்க்கார் 1876-ல் நிறுவிய விஞ்ஞான ஆராய்ச்சிக் கழகம் முன்பு இயங்கியது. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1907-ல் கணக்கு இலாகா அதிகாரியாகக் கல்கத்தா வந்தார். டிராமில் போகும்போது இக்கழகத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்து இறங்கினார் என்பார்கள். ஆபீஸ் போகுமுன் விடியற்காலையிலும், ஆபீஸ் விட்ட பிறகு இரவிலும் இங்கே ஆராய்ச்சி. 1917-ல் அந்த நல்ல சம்பளத்தை உதறிவிட்டுப் பேராசிரியரானார். 1928 பிப்ரவரி 28-ல் ராமன் விளைவு. 1930-ல் நோபல் பரிசு. உடன் உழைத்த கே.எஸ். கிருஷ்ணன் வத்திராயிருப்புக்காரர். ஒன்பது மணிக்கு டிபன் பாக்ஸுடன் கிளம்பும் நம் குமாஸ்தாக்கள் பிள்ளைகளைக் கூட்டி வந்து ஐந்து நிமிஷம் நிற்கவேண்டிய தெரு இது.

டிராமைக் காட்டும் ஆசை இருந்தால் முதலில் விசாரித்துக்கொள்ளவும். எஸ்பிளனேடு–மைதான் தடம் தவிர மற்றவற்றை நிறுத்தப்போவதாக மாநில அரசு 2024-ல் அறிவித்தது.

இரவு சென்னை மெயிலுக்கு எஸ்பிளனேடிலிருந்து மெட்ரோவிலேயே ஹவுரா சேரலாம். 2024 மார்ச்சில் திறந்த இந்தப் பாதை ஆற்றுக்கு அடியில் போகிறது. காலையில் படகில் கடந்த கங்கை இப்போது தலைக்கு மேலே! ஆனால் பெட்டி படுக்கையோடு பட்சணக் கூடையும் சேர்ந்துவிட்டால் டாக்ஸிதான் சௌகரியம். பாலத்தில் நெரிசல் இருக்கும். ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிடுங்கள்.