நேட்டால் சுரங்கத்தில் சிறைப்பட்ட கொள்ளுத்தாத்தாவைத் தேடி

1913 நவம்பர் 6 அன்று, தென்னாப்பிரிக்காவின் சார்ல்ஸ்டவுனிலிருந்து டிரான்ஸ்வால் எல்லையை நோக்கி ஒரு பெருங்கூட்டம் நடந்தது. 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் என்று காந்தி கணக்கு எழுதி வைத்திருக்கிறார். பெரும்பாலோர் நியூகாஸில் வட்டாரத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். இந்தப் போராட்டத்தில் பங்கேற்றவர்களில் தம்பி நாயுடு, வள்ளியம்மை என்று சில பெயர்களே நமக்குத் தெரியும். மற்றவர்கள் யார்?

இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலியாகப் போனவருக்கு முதல் ஆண்டில் மாதச் சம்பளம் 10 ஷில்லிங். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் செய்யாமல் இருந்தால் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி. அதாவது, அந்தக் கணக்கில் ஆறு மாதச் சம்பளம் முழுதும் வரிக்கே போய்விடும். இந்த வரியை ஒழிக்கும்வரை வேலைக்குப் போகாதீர்கள் என்று சுரங்க லயன்களுக்குள் வந்து சொன்னவர்கள் டிரான்ஸ்வாலின் தமிழ்ப் பெண்கள். அதற்காக அவர்களுக்குக் கடுங்காவல் கிடைத்தது. ஆண்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வெளியே வந்தார்கள்.

நவம்பர் 10 அன்று டிரான்ஸ்வாலின் பால்ஃபரில், நடந்து வந்தவர்கள் எல்லாரையும் பிடித்து, மூன்று தனி ரயில்களில் ஏற்றி, நேட்டாலுக்கே திருப்பி அனுப்பினார்கள். அடைக்கச் சிறைகளில் இடம் போதவில்லை. எனவே அரசு சுரங்க வளாகங்களையே டண்டி, நியூகாஸில் சிறைகளின் கிளைகளாக அறிவித்தது. சுற்றிலும் கம்பிவலை போட்டார்கள். நேற்றுவரை வேலை வாங்கிய வெள்ளைக்கார மேலாட்களே சிறைக்காவலர் ஆனார்கள். தண்டனை என்ன தெரியுமா? அதே சுரங்கத்தில் இறங்கிக் கரி வெட்டுவது! மறுத்தவர்களுக்குச் சாட்டையடி. இதைவிடக் கேவலமான ஏற்பாட்டை ஓர் அரசு செய்திருக்க முடியாது என்றே நான் நினைக்கிறேன்.

தங்கள் முன்னோரைத் தேடுகிறவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். அவர் வேலை செய்த இடமும் சிறை வைக்கப்பட்ட இடமும் ஒன்றே என்பதால், சிறையின் பெயரை வைத்துத் தேடினால் வழி அடைபட்டுவிடும். 1913இல் அவர் எந்தச் சுரங்கத்தில் இருந்தார் என்று தேட வேண்டும்.

அந்தத் தேடலைத் தொடங்கக் கைகொடுப்பது கப்பல் பதிவேடு. 1860 முதல் 1911 வரை நேட்டாலில் இறங்கிய 1,52,184 ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் ஆளுக்கொரு எண் தரப்பட்டது. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள தழும்பு வரை எழுதினார்கள். ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதிய அடையாளங்கள் இன்று பேரப்பிள்ளைகளுக்கு உதவுகின்றன என்பது என்னைக் கலங்க வைக்கிறது.

அந்த எண் கிடைத்துவிட்டால் மற்றவை பின்னால் வரும். வீட்டுப் பெட்டியில் கிடக்கும், ஒப்பந்தம் முடிந்ததற்கான விடுதலைச் சீட்டு, திருமணப் பதிவு, இறப்புச் சான்று எதிலாவது அது இருக்கக்கூடும். 1912, 1913 வாக்கில் பிறந்த பிள்ளையின் பிறப்புப் பதிவில் டண்டி, ஹாட்டிங்ஸ்ப்ரூட், பாலங்கைக் போன்ற ஊர் இருந்தால், அந்தக் குடும்பம் வேலைநிறுத்தத்தின் நடுவில் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அது குறிப்பு மட்டுமே, நிரூபணம் அல்ல. பெயரில் எழுத்து மாறியிருக்கும் என்பதால் தகப்பன் பெயர், கிராமம் இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்க்காமல் ஒருவரை நம்மவர் என்று முடிவுகட்டக் கூடாது.

1914இல் இந்தியர் நிவாரணச் சட்டம் 3 பவுண்டு வரியை ரத்து செய்தது. அதை வாங்கித்தந்தவர்களில் பலர் வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கல்பட்டு, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளிக் கிராமங்களிலிருந்து போனவர்கள். கடல் தாண்டிப் போய்த் திரும்பாத ஒருவரைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பேசியிருந்தால், அவர் பெயர், தகப்பன் பெயர், ஊர் மூன்றையும் இன்றே கேட்டு எழுதி வையுங்கள். டர்பனில் ஒரு குடும்பம் அந்த ஊரின் பெயரை வைத்துக்கொண்டு தேடிக்கொண்டிருக்கலாம்.