மணவிழாவுக்கு வந்தோர் தரிசிக்க வேண்டிய இரு தலங்கள்

ராஜபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் நெடுஞ்சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் சேத்தூர். இங்கு நடைபெறும் திருமணங்களுக்கு வெளியூரிலிருந்து வருவோரில் பலர், பந்தியிலிருந்து எழுந்ததுமே ஊர் திரும்ப விரைகின்றனர். ஓர் இரவு கூடுதலாகத் தங்கினால், மணமக்கள் பெறும் ஆடைக்கும் மாலைக்கும் உரிய இரண்டு திருத்தலங்களை நிதானமாகத் தரிசிக்கலாம்.

விருந்துண்டு இளைப்பாறிய பின், மாலையில் அருகிலுள்ள தேவதானம் செல்லலாம். பகை கொண்ட சோழ மன்னன் நஞ்சு தோய்த்த ஆடையொன்றைப் பாண்டியனுக்குப் பரிசாக அனுப்பினான் என்றும், அதன் தீங்கு அணுகாமல் இறைவன் காத்தருளினார் என்றும் தலவரலாறு கூறுகிறது. ஆகவே அவர் திருநாமம் நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி. அம்பிகை தவம்பெற்ற நாயகி. மணமக்களுக்குப் புத்தாடை அளித்து வந்தோர், அவர்கள் வாழ்வில் வஞ்சமும் பொறாமையும் தீண்டாதிருக்க வேண்டத்தக்க சன்னதி இது.

தென்பாண்டி நாட்டுப் பஞ்சபூதத் தலங்களுள் தேவதானம் ஆகாயத் தலம். சங்கரன்கோவில் நிலம், தாருகாபுரம் நீர், கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு, தென்மலை காற்று. மேலும் ஒருநாள் இருப்போர் இவற்றையும் தரிசிக்கலாம். மலைக்குள் இருக்கும் சாஸ்தா கோயில் அருவிக்கு, வனத்துறை அனுமதிக்கும் நாளில், இளையோர் சென்று வரட்டும்.

மறுநாள் காலை, ராஜபாளையம் வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர். நண்பகலில் நடை சாத்துமுன் சென்றுவிடுதல் நலம். 11 நிலை ராஜகோபுரம் தொலைவிலிருந்தே வரவேற்கும். துளசி வனத்தில் கண்டெடுத்த குழந்தையைப் பெரியாழ்வார் வளர்த்து, அரங்கனுக்கே மணமுடித்துக் கொடுத்த ஊர் இது. கருவறையில் ஆண்டாளும் ரங்கமன்னாரும் கருடாழ்வாரும் ஒருங்கே நிற்கின்றனர். பங்குனி உத்திரத்தில் திருக்கல்யாணம்; ஆடிப்பூரத்தில் தேரோட்டம். அவள் சூடிக் களைந்த மாலை, புரட்டாசியில் திருப்பதி பிரம்மோற்சவத்திற்கும், சித்திரையில் மதுரை கள்ளழகருக்கும் இன்றும் செல்கிறது.

பெண்ணைக் கட்டிக்கொடுத்த பெற்றோரும், பேத்தியை வழியனுப்பிய தாத்தா பாட்டியரும் இச்சன்னதியில் சற்று நேரம் நிற்க வேண்டும். மகளைப் பிரிந்த தந்தையின் துயரை அறிந்த தலம் அல்லவா?

பேரக் குழந்தைகளுக்கு, 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற இவ்வூர்ப் பால்கோவாவைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். முதலில், நேற்று அட்சதை தூவிய கைகளைக் கூப்பி, மணமக்களின் பெயர்களைச் சொல்லி ஆண்டாளிடம் வேண்டிக்கொள்ளுங்கள்.