புல்வெட்டியும் மலைக்காற்றும்

மலையகத் தேயிலைத் தோட்டங்களின் பழைய பங்களாக்களைக் கண்டவர், அவற்றின் முன்னே விரிந்து கிடக்கும் புற்றரையை எளிதில் மறவார். நுவரெலியாவில் 1876 ஆம் ஆண்டில் ஹில் கிளப்பும், 1889 இல் கொல்ஃப் கழகமும் தோன்றின. ஆங்கிலேயர் தம் ஊர்ப் பசுமையை மலைமீதும் காண விரும்பினர். பங்களாக்களில் அப்பசுமையைப் பேணிய கைகள் பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளருடையவை.

புல்வெட்டி யந்திரத்தை அமைத்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த எட்வின் பட்டிங் என்பவர். ஆலையிலே துணியின் மேற்பிசிறைக் கத்தரிக்கும் யந்திரத்தைப் பார்த்த அவருக்கு, புல்லையும் அவ்வாறே கத்தரிக்கலாமே என்று தோன்றிற்று. 1830 இல் அவர் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். 1902 இல் ரான்சம்ஸ் நிறுவனம் பெற்றோலால் ஓடும் புல்வெட்டியை விற்கத் தொடங்கியது. 1921 இல் பர்மிங்ஹாமிலிருந்து அட்கோ புல்வெட்டி வெளிவந்தது. இத்தகைய யந்திரங்கள் பலவற்றில் வில்லியர்ஸ் நிறுவனத்தின் சிறிய ஈரடிப் பொறி பொருத்தப்பட்டிருந்தது.

இலங்கையின் தோட்டங்கள் 1972, 1975 ஆம் ஆண்டுகளில் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. உடைமை கைமாறும்போது பழைய கருவி கொட்டகை மூலையை அடைவது உலக வழக்கம். அங்கே துருவேறிக் கிடக்கும் புல்வெட்டியைக் கண்டு, ‘இதன் ஆயுள் முடிந்தது’ என்று பழைய இரும்புக்குப் போட்டுவிடுவது எளிது. ஆயினும் நோயை ஆராயாமல் தீர்ப்புக் கூறுதல் மருத்துவனுக்கு அழகன்று. யந்திரத்தைச் செப்பனிடுபவனுக்கும் அஃது அழகன்று.

ஆராய்ச்சிக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் பிளக்கின் கம்பியைக் கழற்றி ஒதுக்கிவிடவேண்டும். கத்தியைக் கையால் திருப்பும்போது பொறி எதிர்பாராமல் உயிர்பெற்றால் விரல் போய்விடும். அடுத்து மூன்று கேள்விகள்: பொறிக்குள் அழுத்தம் உண்டா? தீப்பொறி பறக்கிறதா? பெற்றோல் வந்து சேர்கிறதா? மூன்றும் சரியாயிருந்தும் ஓடாத பொறி அரிது.

ஈரடிப் பொறியில் எண்ணெய் கலந்த பெற்றோல், காற்றோடு சேர்ந்து முதலில் பிஸ்டனுக்குக் கீழுள்ள அறைக்குள் புகும். பிஸ்டன் இறங்கும்போது அழுத்தப்பட்டு மேலே ஏறும். ஆதலின் அவ்வறையின் அடைப்புகள் தேய்ந்து காற்றுக் கசிந்தால், புதிய பிஸ்டன் இட்டும் பயனில்லை. பிஸ்டன் இறுகியிருந்தால் சுத்தியல் கொண்டு அடித்தல் ஆகாது. மண்ணெண்ணெயும் மெல்லிய எண்ணெயும் கலந்து ஊற்றிச் சில நாள் பொறுத்திருக்கவேண்டும். வளையங்கள் வார்ப்பிரும்பால் ஆனவை. சற்றே மிகையாக விரித்தாலும் முறிந்துவிடும். மீண்டும் பூட்டும்போது வளையத்தின் வாய் பள்ளத்திலுள்ள சிறு முளைக்கு நேரே அமைதல் வேண்டும். இல்லையேல் அவ்வாய் உருளையின் துவாரத்தில் மாட்டி உடையும்.

மலையகத்தின் மழையும் மூடுபனியும் மின்சுருளிற்குள் ஈரத்தை ஏற்றும். தொடுமுனைகளில் துருவைப் படியச் செய்யும். தீப்பொறி இல்லாமற் போவதற்கு இவையே பல வேளைகளிற் காரணம். முனைகளை நுண்தாளால் துடைத்து, அங்குலத்தில் ஆயிரத்திற் பதினைந்து பங்கு இடைவெளி வைத்தால், இறந்ததாகக் கருதிய பொறி சில வேளை அக்கணமே இருமி எழும்.

எழுந்த பின்னும் கரும்புகை கக்கித் திணறினால், வேலையிற் பிழை நேர்ந்ததென்று மீண்டும் பிரிக்கத் தோன்றும். அங்கேதான் மலைக்காற்றை நினைவுகூரவேண்டும். நுவரெலியா கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. கடற்கரையோடு ஒப்பிட்டால் அங்கே காற்றின் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழ்நாட்டுக்கென அளந்து வைத்த காபுரேற்றர் அதே பெற்றோலை ஊற்றும். அதனை எரிக்கக் காற்றுப் போதாது. காபுரேற்றரின் ஊசியைச் சிறிது இறக்கிப் பெற்றோலைக் குறைத்தால் புகை தெளியும். மெல்லிய காற்றால் இழந்த வலிமை மட்டும் திரும்பாது. ஆகவே அங்கே புல்லைச் சிறிது சிறிதாக, அடிக்கடி வெட்டுதலே முறை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மலையில் அவ்வாறு திருத்திய யந்திரத்தைக் கொழும்பிற்குக் கொண்டுசென்று அப்படியே ஓட்டினால், காற்று மிகும். அதற்கேற்ற பெற்றோல் இராது. பெற்றோலோடு வரும் எண்ணெயும் குறையும். பொறி சூடேறும், பிஸ்டன் உருளையோடு ஒட்டிக்கொள்ளும். பல நாள் உழைப்பு ஒரு பிற்பகலில் வீணாகும்.

இறுதியாகக் கத்திகள். சுழலும் கத்திகளும் கீழே அசையாதிருக்கும் கத்தியும் கத்தரிக்கோலின் இரு அலகுகளைப் போன்றவை. சாணைப்பசை தடவி உருளையைப் பின்புறமாகச் சுழற்றினால் இரண்டும் ஒன்றற்கொன்று இசையும். நீட்டிய காகிதத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை துண்டாக நறுக்கினால் வேலை முடிந்தது.

இவற்றுட் பல, ஓசையைக் கேட்டும் புகையைப் பார்த்தும் அறியப்படுபவை. தோட்டத் தொழிற்சாலைகளில் பழகிய கைகள் இவற்றை அடுத்த தலைமுறைக்குச் சொல்லி வைத்தால், கொட்டகை மூலையில் கிடக்கும் யந்திரங்கள் பலவும் இன்னும் நெடுங்காலம் புல் வெட்டும்.