கைவைத்தியமும் கடை மாத்திரையும்

இருமலுக்கு அதிமதுரம், வாயுத் தொல்லைக்குப் பூண்டு, மலச்சிக்கலுக்கு நிலாவரை, சர்க்கரைக்கு வெந்தயம் என நம் தாய்மார்களின் கைவசம் ஒரு சிறு மருந்தகமே உண்டு. இன்று அதன் அருகிலேயே இன்னொரு பெட்டியும் இடம்பிடித்துவிட்டது. மருத்துவரின் சீட்டு இல்லாமலே தெருமுனைக் கடையில் வாங்கிய தலைவலி மாத்திரை, காய்ச்சல் மாத்திரை, மூட்டுவலி மாத்திரை ஆகியன அதில் இருக்கின்றன. இவ்விரு பெட்டிகளிலிருந்தும் எடுத்தவை ஒரே நாளில் ஒரே வயிற்றுக்குள் செல்லும்போது என்ன நேரும் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

"மூலிகைதானே, என்ன செய்துவிடப் போகிறது?" என்பதே பெரும்பாலோரின் எண்ணம். நோயைத் தணிக்கும் ஆற்றல் மூலிகைக்கு உண்டென்றால், மற்றொரு மருந்தோடு மோதும் ஆற்றலும் அதற்கு இருக்கும் அல்லவா? வில்லோ மரப்பட்டையைப் பற்றிய பழைய மருத்துவ அறிவின் வழியில் வந்ததே ஆஸ்பிரின். இதய நோய்க்குத் தரப்படும் டிஜாக்சினும் ஒரு செடியின் இலையிலிருந்து கிடைப்பதுதான். மூலிகையும் மருந்தே என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

பூண்டும் ஆஸ்பிரினும்

ஆஸ்பிரின், இரத்தத்தை உறையச் செய்யும் நுண்தட்டுகளின் வேலையைத் தடுக்கிறது. மிகுதியாக உண்ணும் பூண்டுக்கும் அத்தன்மை ஓரளவு உண்டு. கறியில் சேரும் பூண்டைப் பற்றி அஞ்ச வேண்டாம். பூண்டு மாத்திரைகளையும் லேகியத்தையும் ஆஸ்பிரினுடன் நாள்தோறும் உண்பவர்களுக்கு இரத்தக்கசிவு எளிதில் ஏற்படலாம். பல் பிடுங்கவோ அறுவைச் சிகிச்சைக்கோ செல்வோர் இதனை முன்கூட்டியே மருத்துவரிடம் கூற வேண்டும். ஆனால், இதயத்திற்கென மருத்துவர் தந்த ஆஸ்பிரினைத் தாமாகவே நிறுத்துவது அதனினும் பெரிய ஆபத்து.

அதிமதுரமும் இரத்த அழுத்தமும்

அதிமதுரத்தில் உள்ள கிளிசரைசின் என்னும் பொருள் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது. இதனால் இரத்த அழுத்தம் உயரும். இபுபுரூபன், டைக்ளோபினாக் போன்ற வலிநிவாரணிகளும் உப்பைத் தேக்குபவையே. மூக்கடைப்பு மாத்திரைகளில் உள்ள பினைல்எப்ரின் அழுத்தத்தை மேலும் கூட்டும். எனவே, இரத்த அழுத்தம் உள்ள ஒருவர் சளிக்கென அதிமதுரக் கஷாயமும் சளி மாத்திரையும் சேர்த்து நாள்கணக்கில் உண்பது தகாது. நீர் பிரியும் மாத்திரை உண்பவருக்குப் பொட்டாசியம் மேலும் குறைந்து இதயத்துடிப்பே தடுமாறக்கூடும். நிலாவரையை நெடுநாள் உண்பதாலும் இதே குறைபாடு நேரும்.

வெந்தயமும் கருஞ்சீரகமும்

நபிமொழிகளில் சிறப்பிக்கப்பட்டிருப்பதால் கருஞ்சீரகத்தின்மீது நமக்குத் தனி மதிப்பு உண்டு. கருஞ்சீரகமும் வெந்தயமும் இரத்தத்தில் சர்க்கரையைக் குறைக்கவல்லவை. சர்க்கரை மாத்திரையும் அதே வேலையைச் செய்கிறது. நோன்புக் கஞ்சியில் இடும் வெந்தயத்தால் தீங்கில்லை. ஆனால், பழைய சீட்டைக் காட்டி வாங்கிய கிளிமெப்பிரைட் போன்ற மாத்திரையையும், கரண்டி கரண்டியாக இப்பொடிகளையும் சேர்த்து உண்டால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழக்கூடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, மயக்கம் ஆகியன அதன் அறிகுறிகள். நோன்பு நோற்கும் நாட்களில் இவ்வெச்சரிக்கை இன்னும் அவசியம்.

காய்ச்சலுக்குச் சீந்திலும் பாரசிட்டமாலும்

வளர்ந்த ஒருவர் ஒரு நாளில் உண்ணத்தக்க பாரசிட்டமாலின் உச்ச அளவு 4 கிராம். அதாவது 500 மில்லிகிராம் மாத்திரைகள் எட்டு. சளி மாத்திரைகள் பலவற்றிலும் இதே மருந்து மறைந்திருப்பதால், அறியாமலே அளவு மீறிவிடும். மீறினால் பாதிக்கப்படுவது கல்லீரல். கோவிட் காலத்தில் பலர் சீந்தில் கொடியை விரும்பி உண்டனர். அதை உண்டு கல்லீரல் பாதிக்கப்பட்ட 6 பேரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினர். ஆயுஷ் அமைச்சகம் அம்முடிவை ஏற்கவில்லை. இக்கருத்து வேறுபாடு ஒருபுறம் இருக்க, இரண்டையும் சேர்த்து உண்டு கல்லீரல் கெட்டால் எதனால் கெட்டது என்று கண்டறிவதே கடினமாகிவிடும் என்பதை மறக்கலாகாது.

செய்ய வேண்டியவை

மருத்துவரிடம் செல்லும்போது மாத்திரைகளோடு நாட்டுமருந்துகளின் பெயரையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். "கோபித்துக்கொள்வாரோ" என்று மறைக்காதீர்கள். ஹகீமிடமோ சித்த வைத்தியரிடமோ செல்லும்போது ஆங்கில மருந்துகளை மறைக்காமல் கூறுங்கள்.

இசப்கோல் மற்ற மருந்துகள் உடலில் சேர்வதைத் தடுக்கக்கூடும். ஆகவே, அதற்கும் மாத்திரைக்கும் இடையே குறைந்தது இரண்டு மணி நேரம் விடுங்கள். மூட்டுவலிக்கென விற்கும் பெயரறியாப் பொடிகளை ஒதுக்குங்கள். மூலிகை என்று விற்கப்பட்ட சிலவற்றில் ஸ்டீராய்டும் வலிநிவாரணியும் கலந்திருந்தது கண்டறியப்பட்டுள்ளது. கருவுற்ற பெண்கள், குழந்தைகள், சிறுநீரக நோயாளிகள் ஆகியோருக்கு மருத்துவரைக் கேளாமல் எதையும் கலந்து கொடுக்க வேண்டாம்.

மலம் கறுத்துப் போதல், கண் மஞ்சளாதல், மூச்சுத்திணறல், மயக்கம் ஆகிய அறிகுறிகள் தோன்றினால் தாமதியாமல் மருத்துவமனைக்கு விரையுங்கள். உண்ட மாத்திரை அட்டையையும் மூலிகைப் பொட்டலத்தையும் உடன் எடுத்துச் செல்ல மறவாதீர்கள். மருத்துவர் விரைந்து முடிவெடுக்க அவை உதவும்.