இரு சகோதரரும் ஓர் உணவுச்சாலையும்



குடும்பத்தினர் கூடி நடத்தும் வியாபாரத்திற்கு இரண்டு கணக்கேடுகள் உண்டு. ஒன்றில் வரவும் செலவும் எழுதப்படும். மற்றதிலோ, ஒருவருக்காக ஒருவர் விட்டுக்கொடுத்ததும் பொறுத்துக்கொண்டதும், எவரும் எழுதாமலே பதிந்துவிடும். முதல் ஏட்டில் நட்டம் மிகும்போது இரண்டாவது ஏட்டின் கதி யாது? இவ்வினாவை ஆராயும் அமெரிக்கத் திரைப்படம் ஒன்றைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். 1996ஆம் ஆண்டில் வெளிவந்த அப்படத்தின் பெயர் 'பிக் நைட்'.

ஹொலிவூட்டின் பெரிய படநிறுவனங்களைச் சாராது, சிறு முதலீட்டில் எடுக்கப்படுபவற்றைச் சுயாதீனத் திரைப்படங்கள் என்பர். இது அவ்வகையைச் சேர்ந்தது. ஸ்டான்லி டூச்சியும் கம்பெல் ஸ்கொட்டும் சேர்ந்து நெறிப்படுத்தினர். டூச்சியும் அவருடைய உறவினரான ஜோசப் ட்ரோபியானோவும் எழுதிய திரைக்கதை, அவ்வாண்டு சண்டான்ஸ் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது.

கதை 1950களில், நியூ ஜேர்சி மாநிலத்துக் கடற்கரையூர் ஒன்றில் நிகழ்கிறது. இத்தாலியிலிருந்து குடியேறிய பிரீமோ, செக்கொண்டோ என்னும் சகோதரர் இருவர் அங்கே ஓர் உணவுச்சாலை நடத்துகின்றனர். மூத்தவன் சமையற்காரன், தன் தொழிலைத் தவமாகக் கொண்டவன். இளையவன் கணக்கையும் வாடிக்கையாளரையும் கவனிப்பவன். மீன்வகைகள் சேர்த்து ஆக்கிய அரிசியுணவை வாங்கிய பெண்மணி ஒருத்தி, அதனுடன் ஸ்பகெற்றியும் வேண்டுமென்கிறாள். சோற்றோடு மாப்பண்டத்தையும் சேர்த்துப் பரிமாறுவதா எனச் சினக்கிறான் அண்ணன். கேட்டதைக் கொடுத்தால்தானே கடை நடக்கும் என்கிறான் தம்பி. வங்கியோ கடனுக்காகக் கடையைக் கைப்பற்றப்போவதாக அச்சுறுத்துகிறது.

எதிரே பஸ்கால் என்பவனின் உணவுச்சாலையில் கூட்டம் நிரம்பி வழிகிறது. மக்கள் விரும்புவதை முதலிற் கொடு, உன் விருப்பத்தைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவன் வியாபார நெறி. புகழ்பெற்ற பாடகர் லூயி பிரீமாவைச் சகோதரரின் கடைக்கு அழைத்து வருவதாக அவன் வாக்களிக்கிறான். அதனை நம்பிய தம்பி, கையிருப்பு முழுவதையும் ஒரே இரவு விருந்திற் செலவிடுகிறான். விருந்தினர் உண்டு மெய்ம்மறக்கின்றனர். பாடகர் மட்டும் வரவில்லை. பஸ்கால் அவரை அழைக்கவேயில்லை. கடை முறிந்தால் சகோதரர் தன்னிடம் வேலைக்கு வருவர் என்பதே அவன் எண்ணம்.

இப்படத்தின் சிறப்பு, சகோதரர் இருவரில் எவரையும் குற்றவாளி ஆக்காமையே. தரத்தைக் கைவிட்டுக் கடையைக் காத்தால், காத்தது எதனை என அண்ணன் கேட்கிறான். கடையே போய்விட்டால் தரத்தை எங்கே வைத்துப் போற்றுவது எனத் தம்பி கேட்கிறான். இரண்டும் நியாயமே. குடும்ப வியாபாரங்கள் பலவற்றைச் சிதைப்பது சோம்பலன்று; இவ்வாறு மோதும் இரண்டு நியாயங்களே. கூலிக்கு அமர்ந்த சமையற்காரனாயின் விலக்கிவிடலாம். உடன்பிறந்தவனை எங்ஙனம் விலக்குவது?

விருந்து முடிந்த இரவில் இருவரும் கடற்கரையிற் கட்டிப் புரண்டு சண்டையிடுகின்றனர். மறுநாட் காலை தம்பி அடுப்பை மூட்டி முட்டை பொரிக்கிறான். பணியாளனுக்கு ஒரு பங்கு கொடுத்துத் தானும் உண்கிறான். அண்ணன் வந்ததும் அவனுக்கும் ஒரு பங்கு வைக்கிறான். உண்டுகொண்டே ஒருவர் தோளில் ஒருவர் கைபோடுகின்றனர். ஏறக்குறைய ஐந்து நிமிடம் நீளும் இக்காட்சி, இடையில் வெட்டின்றி ஒரே தொடராகப் படமாக்கப்பட்டது. பேச்சு ஏறக்குறைய இல்லை. மன்னிப்பும் எவரும் கேட்கவில்லை.

கடை பிழைத்ததா, சகோதரர் பின்னர் என்ன ஆயினர் என்பதைப் படம் கூறவில்லை. முதல் கணக்கேட்டில் அவர்களுக்கு எஞ்சியது ஏதுமில்லை என்பது மட்டும் தெளிவு. பண்டகசாலையோ புடைவைக்கடையோ, தந்தைக்குப்பின் மைந்தர் கூடி நடத்தும் இல்லங்களில் வளர்ந்தோர், அக்காலையுணவின் பெறுமதியை எளிதில் உணர்வர். வங்கியின் கைக்கு எட்டாத சொத்து அது ஒன்றே. ஆயினும் அதனைக் காக்க, சண்டையிட்ட மறுநாள் எவரேனும் ஒருவர் முதலில் எழுந்து அடுப்பை மூட்டவேண்டியிருக்கிறது.