லிதியம் சுரங்கம் வந்தால் மக்களைக் கேட்பார்களா?

பெங்களூர்க் குழாய்களில் வரும் காவிரித் தண்ணீர், மண்டியா மாவட்டம் தொரேகாடனஹள்ளியிலிருந்து இறைக்கப்படுகிறது. அதே மாவட்டத்தில் மார்லகல்லா, அல்லாபட்டணா பகுதிப் பாறைகளில் சுமார் 1,600 டன் லிதியம் இருப்பதாக மத்திய அரசின் அணுக்கனிம இயக்குநரகம் மதிப்பிட்டுள்ளது. செல்போனுக்கும் மின்சார ஸ்கூட்டருக்கும் பாட்டரி செய்ய இந்த உலோகம் வேண்டும். இன்று பெருமளவு வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது.

மிஞ்சுவது கழிவு

லிதியம் தனிக் கட்டியாகக் கிடைப்பதில்லை. பாறையை வெடிவைத்து உடைத்து, அரைத்துப் பிரிக்க வேண்டும். அரைத்ததில் பெரும்பகுதி கழிவுதான். அதைச் சரியாகக் காக்காவிட்டால் கிணறும் ஏரியும் கெடும்.

இதைத் தங்கவயல்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 28-2-2001 அன்று சுரங்கம் மூடப்பட்டது. சயனைடு மண்மேடுகள் மட்டும் போகவில்லை. காற்றடித்தால் அந்தத் தூசி லைன் வீடுகளில் வந்து படிகிறது.

சட்டம் தந்த வாய்ப்பு

சுற்றுச்சூழல் பாதிப்பு பற்றிய 14-9-2006 தேதியிட்ட மத்திய அரசு அறிவிக்கை மக்களுக்கு ஒரு வழி வைத்திருந்தது. திட்ட அறிக்கையின் சுருக்கத்தை உள்ளூர் மொழியிலும் தர வேண்டும். 30 நாள் முன்னதாகப் பத்திரிகையில் விளம்பரம் செய்து, அந்த இடத்திலோ அருகிலோ கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். வெளியூரில் இருப்பவர்கள் எழுதியும் அனுப்பலாம்.

8-9-2025 அன்று இது மாறியது. நாட்டின் பாதுகாப்புத் தேவையைக் காரணம் காட்டி, லிதியம் உள்ளிட்ட முக்கியக் கனிமங்களின் சுரங்கங்களுக்குக் கருத்துக் கேட்பிலிருந்து மத்திய அரசு விலக்கு அளித்துவிட்டது. பாதிப்பு ஆய்வு உண்டு. அதை டில்லியில் நிபுணர் குழு பரிசீலிக்கும். கிராமத்தில் கூட்டம் மட்டும் கிடையாது.

அரிட்டாபட்டியில் நடந்தது

மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம். அதன் ஒரு பகுதியும் சேர்ந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் எடுக்க 2024-ல் ஏலம் முடிந்தது. கருத்துக் கேட்பு வரும்வரை மக்கள் காத்திருக்கவில்லை. கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். மதுரைக்கு ஊர்வலம் போனார்கள். 9-12-2024 அன்று சட்டசபையும் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 23-1-2025 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

பாட்டரி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் எந்தக் கிணறு எந்த மாதம் வற்றும், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பது அங்கே குடியிருப்பவருக்குத்தான் தெரியும். டில்லியில் இருக்கும் நிபுணர் அதைக் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

கூட்டம் இல்லாவிட்டாலும் கிராம சபை இருக்கிறது. சட்டசபை உறுப்பினரும் எம்.பி.யும் இருக்கிறார்கள். தபாலில் மனு அனுப்புவதை எந்த உத்தரவும் தடுக்கவில்லை. மண்டியாவில் சுரங்கம் இன்னும் தோண்டப்படவில்லை. பேச வேண்டியவர்கள் பேச இதுவே தக்க சமயம்.