ஏரி நீரை அறிதலும் காத்தலும்

மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள வேங்கிக்கால், திருவண்ணாமலை நகரோடு ஒட்டி வளர்ந்த ஊராகும். அவ்வூர் ஏரியைச் சூழ இன்று குடியிருப்புகள் பெருகியுள்ளன. பாசனத்துக்கென அமைந்த ஏரி கழிவுநீர்த் தேக்கமாகிவிடும் இடர், இத்தகைய ஊர்கள் யாவற்றுக்கும் உண்டு. எனவே ஏரி நீரின் தன்மையைக் கண்ணால் மட்டும் மதிப்பிடாது, ஆய்ந்து அறிதல் நம் கடனாகும்.

நீர் எதற்கு ஏற்றது என்பதே முதல் வினா. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பயன்பாட்டுக்கேற்ப நீரை வகைப்படுத்தியுள்ளது. குளிப்பதற்குரிய நீரில், லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையாமல் ஆக்சிஜன் கரைந்திருத்தல் வேண்டும். 100 மில்லிலிட்டரில் கோலிஃபார்ம் நுண்ணுயிர்கள் 500-ஐத் தாண்டலாகாது. மீன் வளர்ப்புக்கோ 4 மில்லிகிராம் ஆக்சிஜன் போதும். ஆகவே, மீன் துள்ளும் நீரெல்லாம் குளிக்கத் தக்க நீராகிவிடாது.

கரைந்த ஆக்சிஜனை அளக்க, 1888-இல் விங்க்ளர் கண்ட முறை கல்லூரி ஆய்வகத்துக்கும் எளியது. காற்றுக்குமிழ் இன்றி நிரப்பிய கண்ணாடிப் புட்டியில் மாங்கனீஸ் சல்பேட்டையும் காரம் கலந்த அயோடைடையும் கரையிலேயே சேர்த்தல் வேண்டும். பழுப்பு வீழ்படிவு ஆக்சிஜன் உண்டென்பதற்கும், வெண்படிவு இல்லையென்பதற்கும் சான்றாகும்.

ஆய்வின் நேரமும் முக்கியம். பாசி, பகலில் ஆக்சிஜனை வெளியிடும்; இரவிலோ அதனை உட்கொள்ளும். ஆதலால் நண்பகலில் நிறைவாகத் தோன்றும் ஏரியில், விடியலில் மீன்கள் மூச்சுத்திணறி மடியக்கூடும். விடியற்கால அளவே ஏரியின் உண்மை நிலையைக் காட்டும்.

பாசியை வளர்ப்பவை கழிவுநீரில் வரும் பாஸ்பேட்டும் நைட்ரஜனும் ஆகும். அமெரிக்காவின் சியாட்டில் நகரையொட்டிய வாஷிங்டன் ஏரியிலிருந்து 1963 முதல் 1968 வரை கழிவுநீரைப் படிப்படியாகத் திருப்பிவிட்டனர். சில ஆண்டுகளில் ஏரி தெளிந்தது. ஆழமற்ற நம் ஏரிகளிலோ அடிவண்டலில் தங்கிய பாஸ்பேட் மீண்டும் நீரில் கரையும். எனவே முதலில் வரத்துக்கால்களில் கழிவைத் தடுத்து, பின்னர் தூர்வாருதல் வேண்டும். அகற்றிய ஆகாயத்தாமரையைக் கரையிலேயே அழுகவிட்டால், அது உண்ட சத்து மீண்டும் ஏரிக்கே திரும்பும்.

மாதம் ஒருமுறை வேதியியல் மாணவர் நீரை ஆய்வாராக; தமிழ் மாணவர் அம்முடிவை ஊரார்க்கு விளங்கும் தமிழில் எழுதி வைப்பாராக; பெரியோர் அதனை உள்ளாட்சியின் கவனத்துக்குக் கொண்டு செல்வாராக. அளந்தறிந்த செய்தி ஊரறிந்த செய்தியானால், ஏரியைக் காக்கும் வழியும் பிறக்கும்.